மாற்று முழங்கால் மீண்டும் வலித்தால்: எந்தப் படம் எதைக் காட்டும்?

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து வலி திரும்பும்போது, நோயாளியின் பையில் படங்கள் சேரத் தொடங்குகின்றன. ஒரு மருத்துவர் எக்ஸ்ரே எழுதித் தருகிறார், இன்னொருவர் போன் ஸ்கேன் என்கிறார், ஸ்கேன் நிலையத்தில் "உள்ளே உலோகம் இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அறிக்கையில் "ரேடியோலூசன்ட் கோடு" என்று ஒரு வரி இருந்தால் போதும், மூட்டே கழன்றுவிட்டது என்று குடும்பம் முழுவதும் கலங்கிப்போகிறது. மறுபுறம், உண்மையிலேயே கிருமி புகுந்த ஒரு மூட்டு, "எக்ஸ்ரே நார்மல்" என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.

இந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் நன்றாகவே பலன் தருகிறது. பல நாடுகளின் மூட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் 'லான்செட்' இதழில் வெளியான கட்டுரை, முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்குகின்றன என்று கணித்தது. ஆனாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் வலி நீடிக்கிறது. இந்தியாவில் 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் உள்வைப்புகளுக்கு விலை உச்சவரம்பு விதித்த பிறகு, நடுத்தரக் குடும்பங்களுக்கும் இந்த சிகிச்சை எட்டக்கூடியதாயிற்று. அந்தக் காலத்தில் பொருத்தப்பட்ட மூட்டுகளின் வயது கூடிக்கொண்டே போகிறது. ஆகவே எந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் தரும், எதற்குத் தராது என்பதை நோயாளிகளும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய நேரம் இது.

உள்ளே இருப்பது என்ன?

மாற்று மூட்டில் பொதுவாக நான்கு பாகங்கள் உண்டு.

1. தொடை எலும்பின் நுனியை மூடும் வளைந்த உலோகக் கவசம். பெரும்பாலும் கோபால்ட்-குரோமியக் கலவை.
2. கீழ்க்கால் எலும்பின் மேல் உட்காரும் தட்டையான உலோகத் தட்டு. டைட்டானியக் கலவை அல்லது கோபால்ட்-குரோமியம்.
3. இரண்டு உலோகங்களுக்கும் நடுவே, தேய்மானத்தைத் தாங்கும், மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) துண்டு.
4. தேவைப்பட்டால், முழங்கால் சில்லின் பின்புறம் பொருத்தப்படும் சிறு பாலிஎத்திலீன் வில்லை.

உலோகத்தை எலும்போடு பிடித்துவைப்பது பெரும்பாலும் போன் சிமென்ட் எனப்படும் அக்ரிலிக் பசை. அது தன்னளவில் எக்ஸ்ரேயில் தெரியாது. தெரிய வேண்டும் என்பதற்காகவே பேரியம் சல்பேட்டோ சிர்க்கோனியம் ஆக்சைடோ கலக்கிறார்கள். அதனால் உலோகம் பளிச்சென்ற வெண்மையாகவும், சிமென்ட் சற்று மங்கிய வெண்மையாகவும் விழும். பாலிஎத்திலீன் மட்டும் தெரியாது. தொடைக் கவசத்துக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே படத்தில் வெற்றிடமாகத் தோன்றுவது அந்தத் துண்டுதான். "இடைவெளி விழுந்துவிட்டது" என்று படத்தைப் பார்த்துப் பயப்படுபவர்கள் பலர். அந்த இடைவெளி இருப்பதே நல்ல அறிகுறி. அது குறைந்தால்தான் கவலை.

சரியாக எடுத்த எக்ஸ்ரேக்கு இணையில்லை

விலை உயர்ந்த ஸ்கேன் அதிகம் காட்டும் என்ற எண்ணம் மாற்று மூட்டு விஷயத்தில் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. முதல் பரிசோதனை சாதாரண எக்ஸ்ரேதான். ஆனால் அதை எடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எழுந்து நிற்க முடிகிற நோயாளியைப் படுக்கவைத்து எடுத்த படத்தில் உடல் எடை மூட்டின்மீது இறங்காது. பாலிஎத்திலீன் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தாலும் தெரியாது. நின்றபடி முன்பக்கப் படம், பக்கவாட்டுப் படம், முழங்காலை மடக்கிச் சில்லை மட்டும் காட்டும் படம் ஆகிய மூன்றும் வேண்டும். காலின் நேர்கோட்டை அளக்க, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுக்கும் நீள எக்ஸ்ரேயும் தேவைப்படும்.

கோணமும் முக்கியம். உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையிலான மெல்லிய கோடு, மூடிய கதவின் இடுக்கைப் போன்றது: நேருக்கு நேர் பார்த்தால் தெரியும், சற்றுச் சாய்ந்தாலும் மறைந்துவிடும். எக்ஸ்ரே கதிர் சில டிகிரி சாய்ந்தால், கழன்ற தட்டுகூட இறுகப் பிடித்திருப்பதுபோல் தோன்றும். சந்தேகம் இருந்தால், திரையில் நேரடியாகப் பார்த்துக்கொண்டே காலைத் திருப்பி, கதிர் அந்த இடுக்குக்கு இணையாக வந்ததும் படமெடுக்கும் ஃப்ளோரோஸ்கோபி முறையைக் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட மதிப்புமிக்கது, அறுவை சிகிச்சை முடிந்த உடனே எடுத்த முதல் எக்ஸ்ரே. ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு மாற்று மூட்டைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. முதல் படம், ஓராண்டுப் படம், இன்றைய படம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஐந்து நிமிடத்தில் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். அந்த முதல் படத்தைத் தொலைத்துவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்கேன்களில் தேடுவது வருந்தத்தக்க நிலை.

கறுப்புக் கோடு எப்போது ஆபத்து?

சிமென்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவே, அல்லது உலோகத்துக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே தெரியும் கறுத்த கோட்டைத்தான் அறிக்கைகள் ரேடியோலூசன்ட் கோடு என்கின்றன. இந்தக் கோடுகளை இடம்வாரியாக எண்ணிட்டுப் பதிவுசெய்ய அமெரிக்காவின் முழங்கால் மருத்துவர் அமைப்பான 'நீ சொசைட்டி' (Knee Society) 1989இல் ஒரு முறையை வகுத்தது; இன்றைய அறிக்கைகளுக்கு அதுவே அடிப்படை.

கோடு இருப்பதாலேயே மூட்டு கழன்றுவிட்டது என்று பொருளில்லை. 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக, ஒரு சிறு பகுதியில் மட்டும், ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும் கோடு பெரும்பாலும் தீங்கற்றது. வலியே இல்லாதவர்களிடமும், குறிப்பாகக் கீழ்த்தட்டின் அடியில், அது காணப்படுகிறது. கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் இவை:

1. கோட்டின் அகலம் 2 மில்லிமீட்டரைத் தாண்டுவது.
2. முந்தைய படத்தைவிட அகலமோ நீளமோ கூடியிருப்பது.
3. பாகத்தைச் சுற்றி முழுவதுமாகக் கோடு ஓடுவது.
4. சிமென்ட்டில் விரிசல்.
5. உலோகப் பாகமே இடம் மாறியிருப்பது: கீழ்த்தட்டு எலும்புக்குள் அமுங்குவது, ஒரு பக்கம் சாய்வது, தொடைக் கவசம் மடங்கும் திசையில் நகர்வது.

இவற்றில் ஐந்தாவது இருந்தால் மற்றவற்றைப் பற்றி விவாதிக்கத் தேவையில்லை, மூட்டு கழன்றுவிட்டது. இரண்டாவதும் ஐந்தாவதும் பழைய படம் இல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாதவை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கோடுகள் ஒரு நோயாளியோடு நின்றுவிடுவதில்லை. 2015இல் ஜிம்மர் நிறுவனம் 'பெர்சோனா' வரிசையின் சிமென்ட் இல்லாத கீழ்த்தட்டு ஒன்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ரேடியோலூசன்ட் கோடுகளும் கழலலும் பற்றிய புகார்கள் கூடியதே காரணம். அறுவை மருத்துவர்கள் தொடர் எக்ஸ்ரேக்களை ஒழுங்காகப் பார்த்துப் புகார் பதிந்ததால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

தேய்மானமும் எலும்பு அரிப்பும்

பாலிஎத்திலீன் தேயும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. உடலின் பாதுகாப்பு அணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. அவை வெளியிடும் வேதிச் செய்திகள், எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. முடிவில் உள்வைப்பைச் சுற்றி எலும்பு குழிகுழியாக அரிக்கப்படுகிறது. வலி இல்லாமலே இது நடக்கக்கூடும் என்பதுதான் இதன் அபாயம். நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவருக்கும் குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

2021, 2022ஆம் ஆண்டுகளில் புளோரிடாவைச் சேர்ந்த எக்ஸாக்டெக் நிறுவனம் தன் பாலிஎத்திலீன் துண்டுகளைத் திரும்பப் பெற்றது. அவற்றை அடைத்த வெற்றிடப் பைகளில், ஆக்சிஜனைத் தடுக்கும் ஒரு அடுக்கு இல்லாமல் போயிருந்தது. அலமாரியில் இருக்கும்போதே பாலிஎத்திலீன் ஆக்சிஜனேற்றம் அடைந்தால், உடலுக்குள் போனபின் விரைவாகத் தேயும், விரிசல் விடும். 2004 முதல் அமெரிக்காவில் பொருத்தப்பட்ட முழங்கால், கணுக்கால் துண்டுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் இதில் அடக்கம். அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், வலியின்றி நன்றாக இயங்கும் மூட்டை முன்னெச்சரிக்கையாக மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்றும், வலி, வீக்கம், தளர்ச்சி தோன்றினால் எக்ஸ்ரே உள்ளிட்ட பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. திரும்பப் பெறுதல் செய்தியைப் படித்துப் பதறுபவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

எக்ஸ்ரேயில் அரிப்பின் அளவு குறைத்தே தெரியும். தொடைக் கவசத்தின் பின்னால் இருக்கும் குழியை உலோகமே மறைத்துவிடுகிறது. அரிப்பு இருக்கிறது என்று எக்ஸ்ரே சுட்டினால், எவ்வளவு எலும்பு மிஞ்சியிருக்கிறது என்பதை அளக்க சி.டி. ஸ்கேன் வேண்டும். மறு அறுவையில் எவ்வளவு எலும்பை நிரப்ப வேண்டும், எவ்வகை உள்வைப்பு வேண்டும் என்பதெல்லாம் அந்த அளவைப் பொறுத்தவை.

தொற்று: படத்தை நம்பி உட்காரக் கூடாத இடம்

மறு அறுவைக்கான முதன்மைக் காரணங்களில் கழலலுக்கு இணையாக நிற்பது கிருமித் தொற்று. இங்கே எக்ஸ்ரேயின் பயன் குறைவு. தொடக்கத்தில் அது முற்றிலும் இயல்பாக இருக்கும். பிற்பாடு தெரியும் மாற்றங்கள் சாதாரணக் கழலலைப் போலவே தோன்றும். எலும்பின் மேலுறை புதிதாகத் தடித்து வளர்வதோ, சில மாதங்களிலேயே விரைவான அரிப்போ தெரிந்தால் தொற்றைச் சந்தேகிக்கலாம். தெரியவில்லை என்பதால் தொற்று இல்லை என்று சொல்லவே முடியாது.

வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் ரத்தத்தில், உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். சோதனைகள். அவை உயர்ந்திருந்தால், அல்லது மருத்துவரின் சந்தேகம் வலுவாக இருந்தால், மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பது. 2018இல் திருத்தப்பட்ட சர்வதேச வரையறையின்படி, நாட்பட்ட தொற்றில் மூட்டு நீரின் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000ஐத் தாண்டுவதும், அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதும் முக்கியமான சான்றுகள். ஒரே கிருமி இரண்டு தனித்தனி கல்ச்சர்களில் (கிருமி வளர்ப்புச் சோதனைகளில்) வளர்ந்தாலோ, தோலிலிருந்து மூட்டு வரை சீழ் வழியும் துளை இருந்தாலோ, தொற்று உறுதி. அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் இந்த எண்கள் இயல்பாகவே உயர்ந்திருக்கும் என்பதால் வரம்புகள் வேறு. நீர் குறைவாக இருந்தால், ஊசி சரியான இடத்துக்குப் போக அல்ட்ராசவுண்ட் உதவும்.

நம் ஊர்களில் அடிக்கடி நிகழும் ஒரு தவறை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முழங்கால் வீங்கிச் சூடானதும் யாரோ ஒருவர் ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதித் தந்துவிடுகிறார். வீக்கம் சற்று வடிகிறது. கிருமி சாவதில்லை, உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு ஒளிந்துகொள்கிறது. பிறகு நீரை எடுத்துச் சோதித்தால் கல்ச்சரில் எதுவும் வளராது. எந்தக் கிருமி என்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது? நோயாளியின் நிலை அனுமதித்தால், நீர் எடுப்பதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. மாற்று மூட்டு உள்ளவர், மூட்டு நீர் எடுக்கும் முன் அந்த மாத்திரையை வாயில் போடாதிருப்பது எந்த ஸ்கேனைவிடவும் பெரிய உதவி. கடும் காய்ச்சல், நடுக்கம், ரத்தத்தில் நஞ்சேறிய அறிகுறிகள் இருந்தால் மட்டும் இது பொருந்தாது; உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதற்குப் பிறகும் தெளிவு கிடைக்காதபோதுதான் அணு மருத்துவ ஸ்கேன்கள் வருகின்றன.

• போன் ஸ்கேன். டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த மருந்தை ஊசி மூலம் செலுத்தி, எலும்பு எங்கே சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பார்ப்பது. நன்றாக இருக்கும் மூட்டிலும் அறுவைக்குப் பின் ஓராண்டுக்கும் மேலாக இந்தச் சுறுசுறுப்பு நீடிக்கலாம். அதனால் "அதிகச் சுறுசுறுப்பு" என்ற முடிவு தனியாக எதையும் நிரூபிக்காது. முழுவதும் இயல்பாக வந்தால் மட்டும், கழலலும் தொற்றும் இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று நிம்மதி கொள்ளலாம்.

• வெள்ளணு ஸ்கேன். நோயாளியின் ரத்தத்திலிருந்தே வெள்ளணுக்களைப் பிரித்து, கதிரியக்க அடையாளமிட்டு மீண்டும் செலுத்துவார்கள். அவை தொற்றுள்ள இடத்தில் கூடும். ஆனால் எலும்பு மஜ்ஜையிலும் கூடும். ஆகவே மஜ்ஜையை மட்டும் காட்டும் சல்ஃபர் கொலாய்டு ஸ்கேனையும் சேர்த்து எடுக்க வேண்டும். மஜ்ஜை இல்லாத இடத்தில் வெள்ளணுக்கள் குவிந்திருந்தால் தொற்று என்று கொள்ளலாம். அணு ஸ்கேன்களில் நம்பகமானது இந்த இணைதான்.

சி.டி.: திரும்பிப் பொருத்தப்பட்ட பாகங்கள்

எக்ஸ்ரேயில் எல்லாம் அழகாக இருக்கிறது; கோடும் இல்லை, தேய்வும் இல்லை. ஆனாலும் படியேறும்போது முன்பக்கம் வலிக்கிறது, சில்லு வெளிப்புறம் நழுவுகிறது. இத்தகைய நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, பாகங்கள் சுழற்சிக் கோணத்தில் தவறாகப் பொருத்தப்பட்டிருக்கும். முன்பக்கப் படமும் பக்கவாட்டுப் படமும் இந்தச் சுழற்சியைக் காட்டாது. குறுக்கு வெட்டாகப் பார்க்கும் சி.டி.தான் அதைத் துல்லியமாக அளக்கும்.

தொடைக் கவசத்தின் கோணத்தை, தொடை எலும்பின் இரு பக்கப் புடைப்புகளை இணைக்கும் கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். கீழ்த்தட்டின் கோணத்தை, கீழ்க்கால் எலும்பின் முன்புறப் புடைப்போடு ஒப்பிடுகிறார்கள். 1998இல் வெளியான பெர்கர் குழுவினரின் ஆய்வு, இரண்டும் சேர்ந்து உட்புறம் திரும்பிய அளவுக்கும் சில்லின் சிக்கலுக்கும் நேரடித் தொடர்பைக் காட்டியது. 1 முதல் 4 டிகிரி வரை என்றால் சில்லு சற்றுச் சாய்ந்தது. 3 முதல் 8 டிகிரி என்றால் பாதி விலகியது. 7 முதல் 17 டிகிரி என்றால் முழுவதும் நழுவியது அல்லது சில்லின் வில்லை கெட்டது. சில டிகிரிகள் மட்டுமே! "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லப்பட்ட எத்தனையோ வலிகளுக்கு இங்கே காரணம் இருந்திருக்கக்கூடும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

எடுக்கலாம். மாற்று முழங்காலில் வழக்கமாகப் பயன்படும் உலோகக் கலவைகளைக் காந்தம் பிடுங்கி இழுக்காது. பேஸ்மேக்கர் போன்ற வேறு கருவிகள் உடலில் இருந்தால் அது தனிக் கேள்வி. தடையாக இருப்பது பாதுகாப்பு அல்ல, படத்தின் தரம். உலோகம் தன்னைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைச் சிதைப்பதால், அந்த இடம் கறுப்பாகவும் நெளிந்தும் விழுகிறது. கோபால்ட்-குரோமியம் அதிகம் சிதைக்கும். டைட்டானியமும் சிர்க்கோனியமும் குறைவாக.

இதைக் குறைக்க வழிகள் உண்டு. காந்தப் புலத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள்; 3 டெஸ்லாவைவிட 1.5 டெஸ்லா எந்திரமே இங்கு ஏற்றது. 2009இல் வெளியான செமாக், மாவ்ரிக் என்ற இரு நுட்பங்களும் அவற்றின் வழிவந்த மென்பொருள்களும் உலோகத்தின் அருகிலும் தெளிவான படம் தருகின்றன. "உலோகத்துக்கான சிறப்பு முறையில் எடுப்பீர்களா?" என்று ஸ்கேன் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இல்லை என்றால் அங்கே பணத்தை வீணாக்க வேண்டாம். முறையாக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூட்டு உறையின் வீக்கத்தின் தன்மை தெரியும்: அடுக்கடுக்காகத் தெரிந்தால் தொற்றைச் சந்தேகிக்க வைக்கும், தடித்துக் கிளைகளாகத் தொங்கினால் பாலிஎத்திலீன் துகள்களை. நரம்பு, தசைநாண், எலும்பின் நுண்முறிவு ஆகியவையும் தெரியும்.

அல்ட்ராசவுண்ட், முறிவுகள்

தொடைத் தசைநாணோ சில்லுக்குக் கீழுள்ள தசைநாணோ கிழிந்தால் காலை நீட்டித் தூக்க முடியாது. அல்ட்ராசவுண்ட் அதை உடனே காட்டும். காலை மடக்கி நீட்டும்போது "கடக்" என்று சிக்கும் முடிச்சையும், கால் அசையும்போதே பார்க்க முடிவது இதில்தான். கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும் வந்தால், ரத்த உறைவைத் தேட, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் நுரையீரல் ரத்தக் குழாய்களுக்கு அவசர சி.டி. முழங்காலின் பின்னால் துடிக்கும் கட்டி தென்பட்டால், டாப்ளர் பார்க்காமல் யாரும் அதில் ஊசி குத்தக் கூடாது. அது தமனியின் கசிவாக இருக்கலாம்.

முறிவு பெரும்பாலும் தொடைக் கவசத்துக்குச் சற்று மேலே நிகழ்கிறது. எலும்புத் தேய்மானம் உள்ள முதிய பெண்கள் தடுக்கி விழுந்தாலே போதும். எக்ஸ்ரே இங்கே இரண்டு கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும்: எலும்பு விலகியிருக்கிறதா, உள்வைப்பு இன்னும் இறுகப் பிடித்திருக்கிறதா. பிடிப்பு உறுதியாக இருந்தால் முறிவை மட்டும் பிளேட் போட்டுச் சேர்க்கலாம். கழன்றிருந்தால் மூட்டையே மாற்ற நேரும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

1. அறுவைக்குப் பின் எடுத்த முதல் எக்ஸ்ரே, குறுந்தகடாகவோ கோப்பாகவோ.
2. உள்வைப்பின் ஸ்டிக்கர் நகல். நிறுவனம், மாதிரி, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால், உங்கள் மூட்டு அதில் சேருமா என்று சொல்வது இந்தத் தாள்தான்.
3. எப்போது வலி தொடங்கியது என்ற குறிப்பு. அறுவை முடிந்த நாள் முதலே குறையாத வலிக்கும், ஐந்து ஆண்டு சுகத்துக்குப் பின் வந்த வலிக்கும் தேட வேண்டிய காரணங்கள் வேறு.

முழங்காலில் எடுத்த படங்கள் எல்லாம் சுத்தமாக இருந்து, மூட்டு நீரிலும் குற்றமில்லை என்றால், அடுத்து இடுப்பு மூட்டுக்கும் முதுகெலும்புக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் வலி முழங்காலில் உணரப்படுவது மிகச் சாதாரணம். காரணம் கண்டுபிடிக்காமல், வலிக்கிறது என்பதற்காக மட்டும் மூட்டைத் திறந்து மாற்றுபவர்களுக்குப் பலன் மோசமாகவே இருக்கிறது என்பது எலும்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிந்துவரும் அனுபவம். காரணத்தைப் பெயர் சொல்லிக் காட்ட முடியாத மருத்துவர் மறு அறுவைக்கு நாள் குறித்தால், இன்னொரு மருத்துவரிடம் எல்லாப் படங்களையும் எடுத்துச் செல்வதில் தயக்கமே வேண்டாம்.